வண்டி நின்றால் யார் கணக்கில்?

கையில் லைசென்ஸ் இருக்கிறது, வண்டி இல்லை. தாராவியிலோ செம்பூர் கேம்ப்பிலோ வசிக்கும் ஒரு தமிழ் இளைஞரின் நிலை இதுவானால், அவருக்காக இரண்டு பேர் கடை விரித்துக் காத்திருக்கிறார்கள். முதலாமவர் ஃபைனான்ஸ்காரர். முன்பணம் கட்டு, மீதிக்குக் கடன் தருகிறேன், மாதாமாதம் டியூ கட்டு, நாலு வருஷத்தில் வண்டி உன்னுடையது என்கிறார். இரண்டாமவர் லீஸ்காரர். டெபாசிட் கொடு, சாவியை வாங்கு, நாள் வாடகை கட்டு, ரிப்பேரும் லோடும் எங்கள் பொறுப்பு என்கிறார். இனி நீயே முதலாளி என்று இருவருமே முதுகில் தட்டிக் கொடுக்கிறார்கள்.

இருவருமே பேசாமல் விடுவது ஒன்று உண்டு. வண்டி ஓடாத நாளின் செலவு யாருடையது? ஜூலை மழையில் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்டிலும் ஹிந்த்மாதாவிலும் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் நாள், கிளட்ச் பிளேட் போன நாள், டெங்குவில் படுத்துக் கிடந்த வாரம், ஆப் திடீரென்று ஐடியை முடக்கிய மாதம். ஓடுகிற நாளில் சொந்த வண்டி, லீஸ் வண்டி, சம்பள வண்டி மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். நிற்கிற நாளில்தான் யார் எந்த இடத்தில் இருக்கிறார் என்பது வெளிச்சமாகும். மும்பையின் சாலைகளில் சரக்கும் சாப்பாடும் பார்சலும் கொண்டு சேர்க்கும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களுக்கு இது வயிற்றுப்பாட்டுக் கேள்வி.

இட்லிக்காரரின் கணக்கு

சுயதொழில் என்றால் என்ன என்பதற்கு தாராவியிலேயே ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. தமிழ்ச் சந்துகளில் ஊர் உறங்கும் நேரத்தில் இட்லிக் கொப்பரைகள் அடுப்பில் ஏறுகின்றன. விடிவதற்குள் பெரிய அலுமினியப் பாத்திரம் நிறைய இட்லி, ஒரு தூக்கில் சாம்பார், இன்னொன்றில் சட்னி. சைக்கிளில் கட்டிக்கொண்டும் தலையில் வைத்துக்கொண்டும் மாட்டுங்கா, சயான், தாதர் என்று கிளம்பிவிடுகிறார்கள். எந்தத் தெருமுனையில் எத்தனை மணிக்கு நிற்பது, ஒரு பிளேட் என்ன விலை என்பதெல்லாம் அவரே எடுக்கும் முடிவு. மழை பெய்து இட்லி மிஞ்சினால் நஷ்டம் அவருடையது. அரிசி விலை ஏறினால் மறுநாளே பிளேட்டுக்கு இரண்டு ரூபாய் ஏற்றிக்கொள்ளும் உரிமையும் அவருடையது. நஷ்டமும் விலை வைக்கும் அதிகாரமும் ஒரே கையில் இருக்கின்றன. சுயதொழில் செய்பவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் இந்த இரண்டும் அவரிடம் சேர்ந்தே இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை டெம்போ தொழிலில் வைத்துப் பார்க்கலாம். 2005-இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தது. தமிழ்நாட்டில் குட்டி யானை, மும்பையில் சோட்டா ஹாத்தி. லாரி நுழைய முடியாத தாராவிச் சந்துகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான வண்டி. சட்டமும் சிறிய வண்டிக்காரருக்கு இரண்டு இடங்களில் இடம் கொடுத்தது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் வேண்டியதில்லை. 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை ஓட்டச் சாதாரண இலகுரக வாகன லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-ஆம் தேதி உறுதி செய்தது. கார் லைசென்ஸ் வைத்திருக்கும் யாரும் டெம்போ ஓட்டிப் பிழைக்கலாம் என்றாகிவிட்டது.

லோடுக்கும் பஞ்சமில்லை. தோல் பைகள், ரெடிமேட் துணி, கும்பார்வாடாவின் மண்பாண்டங்கள், பதின்மூன்றாம் காம்பவுண்டிலிருந்து தரம் பிரித்து வரும் பிளாஸ்டிக் என தாராவி தன் சரக்கைத் தானே உற்பத்தி செய்யும் இடம். வீட்டு வாசலில் வண்டி, இரண்டு சந்து தள்ளி லோடு. லோடு தரும் சேட் டெம்போக்காரருக்குப் பழக்கம், இவர் சேட்டுக்குப் பழக்கம். ரேட் பேசித்தான் முடிவாகும். இந்தப் பேச்சின் மதிப்பு என்ன என்பதை ஒரு பாலம் காட்டிக் கொடுத்தது.

சயான் ரயில்வே மேம்பாலம் 1912-இல் கட்டப்பட்டது. புதிதாகக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அதை மூடினார்கள். தாராவிக்கும் சயானுக்கும் நடுவே தண்டவாளம் குறுக்கே ஓடுகிறது; அதைக் கடக்க நேரான வழி அந்தப் பாலம்தான். மூடிய மறுநாளிலிருந்து செம்பூர் லோடுக்குப் போகிற வண்டி பிகேசி பக்கமோ குர்லா பக்கமோ சுற்றிக்கொண்டு, நெரிசலில் நின்று நின்று போக வேண்டியதாயிற்று. சொந்த டெம்போக்காரர் சேட்டிடம் போய், பாலம் மூடிக் கிடக்கிறது, டீசல் கூடப் போகிறது, நூறு ரூபாய் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்க முடிந்தது. கிடைத்ததா இல்லையா என்பது அவரவர் சாமர்த்தியம், ஆனால் கேட்க ஒரு ஆள் இருந்தார். கம்பெனியில் அட்டாச் பண்ணி ஓட்டுபவருக்கு ரேட் கார்டு ஏற்கெனவே அச்சாகிவிட்டது. ஆப் வழியாக ஓட்டுபவருக்கோ திரையில் வருவதுதான் ரேட். பேரம் பேச எதிரில் முகமே இல்லை. சுற்றிப் போன டீசல் இவர்கள் கணக்கிலேயே எழுதப்பட்டது. மாதச் சம்பள டிரைவருக்கு மட்டும் அது கம்பெனிக் கணக்கு.

அறுபதடி சாலைப் பக்கம் டெம்போக்கள் வரிசை கட்டி நிற்கிற இடத்தில் டீக்கடை ஓரமாகக் கொஞ்சம் நின்றால் இந்த மாதிரிப் பேச்சு காதில் விழும்.

“அண்ணாச்சி, கம்பெனியில அட்டாச் பண்ணிட்டா தினம் லோடு நிச்சயம்ங்கான்.”

“லோடு நிச்சயம்தாம்லே. ரேட்டு நிச்சயமான்னு கேட்டியா?”

டியூவும் வாடகையும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், அவரவர் எண்ணை வைத்து மாற்றிக்கொள்ளலாம். முன்பணம் போக டெம்போவுக்கு 6 லட்சம் கடன், ஆண்டுக்கு 11 சதவீத வட்டி, 48 மாதத் தவணை. மாத டியூ சுமார் 15,500 ரூபாய். மாதம் 25 நாள் வண்டி ஓடினால் ஒவ்வொரு நாளும் முதல் 620 ரூபாய் டியூவுக்கே போய்விடும். வருமானத்துக்குத் தாள் காட்ட முடியாமல் வங்கியை விட்டுத் தனியார் ஃபைனான்ஸில் 18 சதவீதத்துக்கு வாங்கினால் அதே கடனுக்கு டியூ 17,600 ரூபாயைத் தாண்டும். நாலு வருஷத்தில் 1 லட்சம் ரூபாய் கூடுதல். ஏழைக்கு மட்டும் விதிக்கிற வரி என்றே இதைச் சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு வழி உண்டு, பல டெம்போக்காரர்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. பத்து சரக்கு வண்டிக்கு மேல் வைத்திராதவர்களுக்கு வருமான வரியில் ஒரு எளிய ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. கணக்காளர்கள் அதை 44ஏஇ என்பார்கள். சிறிய வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொண்டு கணக்குக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம். ஒரே வண்டிக்கு ஆண்டு லாபம் 90,000 ரூபாய்தான் என்பதால் வேறு வருமானம் இல்லாதவருக்குப் பெரும்பாலும் வரி கட்ட வேண்டியிராது. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுத் தாக்கல் ரசீது கையில் இருந்தால் வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து பேச முடியும். ஒரு லட்சம் ரூபாய் மிச்சமாகும் தாள் அது.

இனி லீஸ். நாளுக்கு 700 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் 30 நாளும் கணக்கு, மாதம் 21,000. நாலு வருஷத்தில் 10 லட்சத்து 8 ஆயிரம். 11 சதவீதக் கடன்காரர் அதே காலத்தில் கட்டியிருப்பது 7 லட்சத்து 44 ஆயிரம். வித்தியாசத்தை மாதத்துக்கு வகுத்தால் 5,500 ரூபாய். இன்சூரன்ஸ், வரி, ஃபிட்னெஸ், டயர், இன்ஜின் வேலை எல்லாவற்றையும் உண்மையாகவே லீஸ்காரர் ஏற்றுக்கொண்டால் 5,500 ரூபாய் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். முன்பணம் திரட்ட முடியாதவருக்கு, இந்தத் தொழில் நமக்கு ஒத்துவருமா என்று ஆறு மாதம் பார்க்க நினைப்பவருக்கு, லீஸ் நல்ல வழியாகவும் இருக்கலாம். லீஸ் என்றாலே மோசடி என்று சொல்லிவிடுவது எளிது, அது உண்மையாகாது.

வித்தியாசம் நாற்பத்தொன்பதாவது மாதம் வருகிறது. கடன்காரர் வீட்டு வாசலில் நிற்கிற வண்டி அவருடையது. அன்று முதல் மழைநாளில் வண்டி நின்றாலும் வாய் திறந்து காசு கேட்பவர் யாருமில்லை. லீஸ் எடுத்தவருக்கு அன்றைக்கும் 700 ரூபாய். நாலு வருஷம் உழைத்தும் அவர் முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

அதுவரைக்கும் இருவர் நிலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதையும் சொல்ல வேண்டும். மழைக்காக டியூ நிற்பதில்லை, வாடகையும் நிற்பதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அது போன்ற நாளை விடுங்கள், ஒவ்வொரு ஆண்டும் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சில நாட்களாவது மும்பை முடங்காமல் இருப்பதில்லை. இரண்டு டியூ தவறினால் ஆள் அனுப்பி வண்டியைத் தூக்கும் வழக்கமும் இருக்கிறது. வங்கிகள் கடன் வசூலுக்கு அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பிரகாஷ் கவுர் வழக்கில் 2007-லேயே கண்டித்துச் சொல்லிவிட்டது. நடுரோட்டில் சாவியைப் பிடுங்க வருபவரிடம் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனுக்கு வா என்று கூப்பிடும் தைரியமும் வேண்டும்.

பெயருக்கு உரிமையாளர்

இந்த விஷயத்தில் என்னை அதிகம் உறுத்துவது இன்சூரன்ஸ். லீஸ் எடுக்கும் பத்துப் பேரில் எத்தனை பேர் இதை யோசித்திருப்பார்கள்?

வண்டி மோதி இன்னொருவருக்கு அடிபட்டால் என்ன ஆகும்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு உரிமையாளர் யார் என்று வரையறுக்கிறது. வண்டி லீஸ் ஒப்பந்தத்திலோ தவணைக் கொள்முதலிலோ இருந்தால், அந்த ஒப்பந்தத்தின் கீழ் அதைக் கையில் வைத்திருப்பவரே உரிமையாளர் என்கிறது அது. ஆர்சி புத்தகத்தில் கம்பெனி பெயர் இருக்கலாம். பொறுப்பு என்று வரும்போது சட்டம் டிரைவரின் பக்கமும் விரல் நீட்ட வழி இருக்கிறது.

சரி, அடிபட்டது டிரைவருக்கே என்றால்? வண்டி உரிமையாளரே ஓட்டுநராக இருந்தால் 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம். 2018-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உயர்த்திய தொகை அது. ஆனால் அந்தக் காப்பீடு பதிவுப் பெயரில் உள்ள தனிநபருக்குத்தான். கம்பெனி பெயரில் பதிவான வண்டியை லீஸ் எடுத்து ஓட்டுபவருக்கு அது பொருந்தாது. சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் என்றால் தொழிலாளர் இழப்பீட்டு விதிகளின் வழியே முதலாளியிடமும் இன்சூரன்ஸிடமும் கேட்கலாம். லீஸ் எடுத்தவர் தொழிலாளியும் இல்லை என்றுதான் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ராம்கிலாடி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வேறொருவரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டியபோது விபத்தில் இறந்தவரின் குடும்பம், அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இழப்பீடு கேட்டது. வண்டியை இரவல் வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்துக்கே வந்துவிடுகிறார், அவர் மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலிசியில் எழுதியிருந்த தனிநபர் விபத்துத் தொகையான 1 லட்சம் ரூபாய் மட்டுமே அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது. அது லீஸ் வழக்கு இல்லைதான். ஆனாலும் அடுத்தவர் வண்டியை நம்பி ஓட்டும் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்தத் தீர்ப்பு படித்துக் காட்டப்பட வேண்டும். பொறுப்பு என்றால் உரிமையாளர், இழப்பீடு என்றால் வெளியாள். இப்படி ஒரு நிலையில் மனிதரை நிறுத்திவிட்டு முதலாளி என்று அழைப்பது பெரிய அநியாயம்.

இரு சக்கர வண்டியில் உணவும் மளிகையும் கொண்டு போகிற இளைஞர்கள் இந்த நிலையின் இன்னொரு வடிவம். வண்டி அவர்களுடையது, லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பெட்ரோல் அவர்களுடையது, போனும் டேட்டாவும் அவர்களுடையது. ரேட் மட்டும் ஆப்புடையது. சொந்த பைக் இல்லாதவர்கள் வாரக் கணக்கில் மின்சார வண்டி வாடகைக்கு எடுக்கிறார்கள். யூலு போன்ற நிறுவனங்களின் சின்ன வண்டிகளை மும்பைச் சாலைகளில் எங்கும் பார்க்கலாம். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்குள் உள்ள அந்த வகை வண்டிக்கு லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. ஊரிலிருந்து வந்து இறங்கிய பையன் அன்றே வேலை தொடங்கிவிடலாம். பெட்ரோல் செலவும் மிச்சம். அந்த வசதி உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் இங்கே டிரைவருக்கு இரண்டு எஜமானர்கள். வண்டி கொடுப்பவருக்கு வாடகை நிச்சயம், ஆப்காரருக்குக் கமிஷன் நிச்சயம். நடுவில் இருப்பவருக்கு மட்டும் எதுவும் நிச்சயமில்லை. ஐடி முடங்கினால் ஆர்டர் நின்றுவிடும், வாடகை நிற்காது.

நீதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கை 2020-21-இல் நாட்டில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்ததாகவும், 2029-30-இல் அது 2 கோடியே 35 லட்சமாகும் என்றும் மதிப்பிட்டது. இத்தனை பேரை நடுவழியில் விட்டுவிட்டு ஒரு நாடு போக முடியாது.

தலைச்சுமைக்காரர்கள் வாங்கிய சட்டம்

இதற்கான விடையைத் தேடி மும்பை வெளியே போக வேண்டியதே இல்லை. இந்த ஊரிலேயே இரண்டு விடைகள் கிடக்கின்றன.

ஒன்று எல்லோருக்கும் தெரிந்த டப்பாவாலாக்கள். 1890-இல் மகாதேவ் பச்சே தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்த ஏற்பாட்டில் சைக்கிளும் மரத்தட்டும் அவரவருடையவை. இருபது இருபத்தைந்து பேர் கொண்ட குழுவாக, முகாதம் எனும் ஒரு குழுத் தலைவரின் கீழ் வேலை செய்கிறார்கள். வருவதைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் குழு அவர் டப்பாவைச் சுமக்கிறது. நின்ற நாளின் கணக்கு ஒருவர் தலையில் விழாமல் இருபது பேருக்குப் பரவிவிடுகிறது. மேலாண்மைப் பள்ளிகள் இவர்களின் துல்லியத்தைத்தான் வியந்து எழுதின. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இந்தப் பங்கு முறை. கொரோனாவுக்குப் பிறகு அவர்கள் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துபோனது வருத்தமான விஷயம்.

இன்னொன்று தமிழ் வாசகர்கள் அதிகம் அறியாதது. மஸ்ஜித் பந்தரிலும் துறைமுகத்திலும், பிறகு வாஷி ஏபிஎம்சி மார்க்கெட்டிலும் தலையிலும் முதுகிலும் மூட்டை தூக்குபவர்கள் மாத்தாடிகள். இன்றைக்கு இந்த வியாபாரிக்கு, நாளைக்கு அந்த வியாபாரிக்கு. நிரந்தர முதலாளி கிடையாது. முதலாளியே இல்லாதவருக்கு பிஎஃப் யார் கட்டுவது, விடுமுறைச் சம்பளம் யார் தருவது? இன்றைக்கு ஆப் கம்பெனிகள் கேட்கும் அதே கேள்வியை அன்றைய வியாபாரிகள் கேட்டார்கள். அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் மாத்தாடிகள் போராடினார்கள். 1969-இல் மகாராஷ்டிரச் சட்டமன்றம் மாத்தாடி, ஹமால் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது.

அந்தச் சட்டம் செய்தது எளிமையான காரியம். தொழில்வாரியாக ஒரு வாரியம். அதில் அரசு, வியாபாரிகள், தொழிலாளர்கள் மூன்று தரப்பும் உண்டு. மூட்டை தூக்க ஆள் வைக்கும் எந்த வியாபாரியும் கூலியை நேரே கொடுக்காமல் வாரியத்தில் கட்ட வேண்டும், அதன்மேல் குறிப்பிட்ட சதவீத லெவியும் சேர்த்து. வாரியம் கூலியைத் தொழிலாளிக்குக் கொடுக்கும். லெவியிலிருந்து பிஎஃப், கிராஜுவிட்டி, போனஸ், விடுமுறைச் சம்பளம், மருத்துவம் எல்லாம் நடக்கும். முதலாளி யார் என்ற கேள்வியையே அது தேவையில்லாமல் ஆக்கிவிட்டது. ஒவ்வொரு மூட்டையும் தன் பங்கைக் கட்டிவிடுகிறது. கோபர்கைரணையில் மாத்தாடிகளுக்கென்றே ஒரு மருத்துவமனை நிற்கிறது. அந்த முறையிலும் கோளாறுகள் உண்டு; மாத்தாடி பெயரைச் சொல்லி வியாபாரிகளை மிரட்டிப் பணம் பறிக்கும் போலிச் சங்கங்கள் பற்றிப் புகார்கள் வந்தபடியே இருக்கின்றன. அதனால் அதன் அடிப்படை தவறாகிவிடாது.

மூட்டைக்கு லெவி கட்ட முடிந்த ஊரில் ட்ரிப்புக்கு ஏன் முடியாது? அறுபதாம் ஆண்டை நெருங்கும் சட்டத்தை வைத்திருக்கும் மகாராஷ்டிரம்தான் இதை முதலில் செய்திருக்க வேண்டும். ராஜஸ்தான் 2023-இல் கிக் தொழிலாளர்களுக்கான முதல் மாநிலச் சட்டத்தைக் கொண்டுவந்து முந்திக்கொண்டது. கர்நாடகம் 2025-இல் ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதி என்று சட்டமாக்கியது. 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து நீக்க முடியாதபடியும் அதில் வழி செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2023 இறுதியில் நல வாரியம் அமைந்தது. 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். வாடகை வண்டியிலிருந்து சொந்த வண்டிக்கு ஒருவரை நகர்த்தும் மானியம் என்பதால் எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஆப் நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல், நிதிக்குக் கட்ட வேண்டும். உணவு, மளிகை மட்டுமல்லாமல் சரக்குப் போக்குவரத்து ஆப்களும் அதன் பட்டியலில் உண்டு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஆப் இல்லாமல் ஒரு டிரான்ஸ்போர்ட் கான்ட்ராக்டரிடம் வண்டியை அட்டாச் செய்து ஓட்டுபவர், லீஸ் வண்டியில் ஒரே கடைக்கு லோடு அடிப்பவர், அறுபதடி சாலையில் சேட்டை நம்பி நிற்பவர் என யாரும் இந்த நிதிக்குள் வரவில்லை. ஒரே வண்டியில், ஒரே சந்தில், ஒரே எடையைச் சுமக்கும் இரண்டு பேரில் போனில் ஆர்டர் வாங்கியவருக்கு நிதி உண்டு, வாயால் வாங்கியவருக்கு இல்லை. மாத்தாடி முறையில் இந்தப் பிளவு வராது. அங்கே யார் அனுப்பினார் என்று பார்ப்பதில்லை, சரக்கு நகர்ந்ததா என்றுதான் பார்க்கிறார்கள்.

இந்தப் பிளவைத் தாண்டி எல்லோரும் சேர்ந்து நின்றால் பலன் உண்டு. செம்பூரை அடுத்த மாகுலில் 1950-களிலிருந்து இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள். அங்கிருந்து கிளம்பும் டேங்கர்கள் நின்றால் என்ன ஆகும் என்பதை 2024 ஜனவரி முதல் இரண்டு நாளில் மும்பை பார்த்தது. மோதிவிட்டு ஓடினால் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய தண்டனைப் பிரிவை எதிர்த்து நாடெங்கும் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை தெருவைத் தாண்டியது. அந்தப் பிரிவு நடைமுறைக்கு வராமல் நிறுத்தி வைக்கப்பட்டது. சொந்த வண்டிக்காரரும் லீஸ் எடுத்தவரும் சம்பளக்காரரும் ஒரே வரிசையில் நின்றபோது கிடைத்த பலன் அது.

வெளிநாட்டு அனுபவமும் டிரைவரைப் பாதுகாக்கும் பக்கமே சாய்கிறது. அமெரிக்காவில் கம்பெனியிடமே லாரியை லீஸ் எடுத்து, அதே கம்பெனிக்கு ஓட்டி, கடைசியில் லாரி உனக்கே என்று ஆசை காட்டும் திட்டங்கள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. அவற்றை ஆராய அரசு அமைத்த பணிக்குழு 2025 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. ஒழுங்குபடுத்திப் பயனில்லை, தடையே செய்யுங்கள் என்பது அதன் பரிந்துரை. லோடு கொடுப்பவரும் வண்டி கொடுப்பவரும் ஒரே ஆளாக இருந்தால், லோடைக் குறைத்தே டிரைவரை வாடகை பாக்கியில் தள்ளிவிட முடியும் என்பதுதான் அதில் உள்ள அடிப்படை ஆபத்து. சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் ஆப் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வேலையில் அடிபட்டால் இழப்பீடும், இளைய தொழிலாளர்களுக்குச் சேமநிதியில் கம்பெனியின் பங்கும் அங்கே கட்டாயமாகிவிட்டன.

தாராவிக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு கவலை. மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு. மற்றவர்கள் வெளியே போக வேண்டியிருக்கும். வீட்டு வாசலில் லோடு என்ற ஒரே பலத்தில் நிற்கும் டெம்போக்காரர், முலுண்டிலிருந்தோ அதற்கு அப்பாலிருந்தோ காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தால் அவரது ரேட் என்ன ஆகும், வண்டியை எங்கே நிறுத்துவார்? வீட்டின் சதுர அடியைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் வண்டி நிறுத்துமிடத்தைப் பற்றியும் அவர்கள் கேட்டாக வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

சட்டம் வரும்வரை வயிறு காத்திருக்காது. இந்த வாரமே லீஸ் தாளில் கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒப்பந்தம் எனக்குப் புரிகிற மொழியில் வேண்டும் என்று கேளுங்கள். தமிழில் தர மாட்டார்கள். இந்தியிலாவது வாங்கி, படித்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். வண்டி ரிப்பேரில் நிற்கும் நாளுக்கு வாடகை உண்டா என்று தேடுங்கள். ரிப்பேர் எங்கள் பொறுப்பு என்று வாயால் சொல்வார்கள், வாடகை நிற்கும் என்று எழுதியிருக்க மாட்டார்கள். எழுதச் சொல்லுங்கள். டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்பதும் தாளில் இருக்க வேண்டும். வாங்கும் அன்றே வண்டியின் நாலு பக்கமும் கீறல் உட்பட போட்டோ எடுத்து அவர்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வண்டி கொடுப்பவரும் லோடு கொடுப்பவரும் ஒருவரே என்றால் மாதம் இத்தனை ட்ரிப் குறையாது என்ற உறுதியைக் கேளுங்கள். தராவிட்டால் வேறு இடத்தில் லோடு பிடிக்க அனுமதியாவது எழுதி வாங்குங்கள்.

ஆர்சி, இன்சூரன்ஸ், ஃபிட்னெஸ், மாசுச் சான்று நான்கின் நகலும் உங்கள் போனில் இருக்கட்டும். சரக்கு வண்டிக்கு முதல் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன் பிறகு ஆண்டுதோறும் ஃபிட்னெஸ் எடுக்க வேண்டும். அது காலாவதியான வண்டியில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். உங்கள் பெயரில் தனிநபர் விபத்துக் காப்பீடு தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆகும் பிரீமியம் லீஸின் ஒன்றிரண்டு நாள் வாடகைதான் இருக்கும். அடுத்தவர் ஐடியில் ஓட்டாதீர்கள். அடிபட்டால் நீங்கள் யார் என்பதே தாளில் இருக்காது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் ஆதாருடன் பதிவு செய்துகொள்ளுங்கள். மத்திய அரசின் 2025-26 பட்ஜெட் ஆப் தொழிலாளர்களுக்கு அடையாள அட்டையும் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடும் இந்தப் பதிவின் வழியாகத்தான் என்று அறிவித்தது. பிறகு உங்கள் பகுதியில் எந்தச் சங்கம் நேர்மையாக இயங்குகிறது என்று விசாரித்துச் சேருங்கள். வாரியமும் லெவியும் கேட்டுச் சட்டமன்றமான விதான் பவன் வாசலுக்குப் போக வேண்டிய நாள் வரும். அன்றைக்கு ஒரு நாள் வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும்.